முப்பதரை மில்லிமீட்டர்

கியும்ரி தபால் நிலையத்தில்
சுங்க அதிகாரி பொட்டலத்தைப் பிரித்தார்.
வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
அதன் வழியே என்னைப் பார்த்தார்.
"உள்ளே கண்ணாடி எங்கே?"
கிடையாது என்றேன்.
"வழியில் உடைந்துவிட்டதா?"
இல்லை, இப்படித்தான்.
"பின் எதற்குப் பணம் கொடுத்தீர்கள்?"

தூரத்துக்கு.

பழைய கேமராவின் வயிற்றில் ஒரு கண்ணாடி இருந்தது.
ஒவ்வொரு படத்துக்கும் துள்ளி எழுந்து விழும்.
அது துள்ள இடம் வேண்டுமென்றே
லென்ஸைச் சற்றுத் தள்ளி உட்காரவைத்திருந்தார்கள்.
புதியதில் கண்ணாடி இல்லை. அந்த இடமும் இல்லை.
லென்ஸிடம் இதை யாரும் சொல்லவில்லை.
பதினாறு வருடமாக எங்கே நின்று ஒளியைக் கொடுத்ததோ
அங்கே நின்றுதான் கொடுப்பேன் என்கிறது.
ஆகவே,
இல்லாத கண்ணாடிக்காக ஒதுக்கிவைத்த
முப்பதரை மில்லிமீட்டர் காற்று.

அவர் படிவத்தில் எழுதினார்:
உலோகம். வெற்று.
வெற்றுக்கும் வரி வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பல் மருத்துவர் ஸ்ம்பாத் சிரித்தார்.
பால்பல் சீக்கிரம் விழுந்துவிட்டால்
பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடாமலிருக்க
அவரும் ஒரு கம்பி வளையம் வைப்பாராம்.
"எங்களுக்காவது அடுத்த பல் முளைக்கும்,
உனக்கு என்ன முளைக்கும் நுவார்ட்?"

ரப்பர் பிடி தளர்ந்த எண்பத்தைந்து அது.
தர்ஹூன் கீரைக்கட்டின் ரப்பர் பேண்டைச் சுற்றியிருக்கிறேன்.
சொந்த மோட்டார் கிடையாது.
பழைய உடம்பு ஒரு திருகால் திருப்பிக்கொடுத்தது,
புதிய உடம்பில் திருகு இல்லை.
துளையைத் திறப்பது மூடுவது வரை
இரண்டும் பேசிக்கொள்கின்றன;
அதற்கு மேல் என் விரல்தான்.
திருப்பத் திருப்ப
கூர்மை விழும் இடமெல்லாம்
திரையில் சிவப்பாய் ஊர்கிறது,
காது, காலர், இமைமயிர்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டி.
முதல் ஐந்து நிமிடம் மட்டுமே எங்களுக்கு.
கண்ணாடி துள்ளும் சத்தத்தில்
குழந்தைகள் குதிரையை மறந்துவிடுகிறார்கள் என்று
நடுவர் ஸாவென் வருடாவருடம் துரத்துவார்.
இம்முறை ஓசையை அணைத்து அவர் காதருகே அழுத்திக் காட்டினேன்.
தலையாட்டினார். இருந்துகொள்.

இருந்தேன்.
வெளியே கருங்கல் சுவர்மேல் பனி.
உள்ளே நாற்பது பலகை, மூக்குறிஞ்சல்,
ஸ்வெட்டர் கையைக் கடிக்கும் ஒரு பையன்.
இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத மூன்றாம் மணி நேரம்.

ஏழாம் பலகையில் ஹெகினே.
எதிரே அர்ஷாவிர், குனிந்து ஷூ நாடா கட்டுகிறான்.
ஸாவென் முதுகு காட்டி நிற்கிறார்.
அவள் விரல் யானைமேல் இறங்கியது.
தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும்.
ஒரு நொடி.
விரல் எழுந்து குதிரைக்குப் போனது.

நான் அழுத்தியிருந்தேன்.
எனக்கே கேட்கவில்லை.

நகத்தில் பாதி உரிந்த நீலச் சாயம்,
யானையின் தலையில் சதை அழுந்திய தடம்.
இதைவிடக் கூர்மையாக அந்த லென்ஸில்
நான் எதையும் எடுத்ததில்லை.

அப்புறம் நிமிர்ந்து நேராக லென்ஸைப் பார்த்தாள்.
எதுவும் கேட்டிருக்க வழியில்லை.
பழைய கேமராவாயிருந்தால் சடக்கென்றிருக்கும்,
நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்திருக்கும்,
என்ன செய்வதென்று
அவள்தான் முடிவு செய்திருப்பாள்.

ஆட்டம் சமன்.
படத்தை அழிக்கவில்லை.
யாருக்கும் காட்டவுமில்லை.

மறுநாள் மெனுவில் தேடித்தேடி
சத்தத்தை மீண்டும் இயக்கினேன்.
முதல் படத்துக்கே எட்டுத் தலைகள் நிமிர்ந்தன,
ஹெகினேவின் தலையும்.
ஸாவென் கைக்கடிகாரத்தைத் தட்டி
கதவைக் காட்டினார்.

நடைவழியில் குளிர்.
லென்ஸைக் கழற்றிப் பையில் போட்டேன்,
வளையத்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.
என் கட்டைவிரல் அதற்குள் தாராளமாகப் போய் வருகிறது.