நாலறிவு

சென் லூயிச் சந்தையில், சனிக்கிழமை,
மூன்று நண்டு.
ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் இறக்கிய மீன்காரன்
"இன்றைக்கே" என்று ஒரு விரலைக் காட்டினான்.

மூன்றாம் இலக்க ட்ராம்.
இரண்டு தரிப்பிடம் பிரான்ஸ், பிறகு பாசல்.
எல்லையில் ஒருவரும் ஏறவில்லை,
பையைத் திற என்று கேட்கவில்லை.
(என்னைக் கேட்டார்கள் ஒருகாலம்,
நாலு மணித்தியாலம், மொழிபெயர்ப்பாளரை வைத்து.)

கொழுத்தால் வளையில் தங்காதாம் நண்டு.
இவை கொழுக்கவும் இல்லை
தாமாக வெளிக்கிடவும் இல்லை.
யாரோ தூக்கினார்கள்.

பை சரசரத்தது.
எதிரே எப்னெற்றர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னோடு படுக்கைவிரிப்பு மடிப்பவள்.
"உயிரோடா?"
காலை இழுத்துக்கொண்டாள்.
"கொதிநீரில் அப்படியே போடக்கூடாது, தெரியுமா?
முதலில் மயக்க வேணும். சட்டம் இருக்கு."

தெரியும் என்றேன்.
எனக்குத் தெரிந்த இன்னொன்றைச் சொல்லவில்லை:
போன ஈஸ்டருக்கு அவள் தந்த டப்பா.
"இது ஃப்ளொக்லி, நல்ல பிள்ளை" என்று சிரித்துத் தந்தாள்.
அவள் தோட்டத்தில் ஃப்ளொக்லிக்குக்
கரட் நீட்டியிருக்கிறேன் நான்.
மூடியைத் திறக்காமலே இரவு முழுக்க வைத்திருந்து
விடிய, கழிவறையில் ஊற்றினேன்.
டப்பாவைக் கழுவி வடை போட்டுத் திருப்பிக் கொடுத்து
அருமை என்றேன்.

பேர் வைத்ததைத் தின்ன எங்களுக்கு மனம் வராது
என்று பரஞ்சோதியிடம் அன்று பெருமையாய்ச் சொன்னபோது
அவர் கேட்டார்:
"வேள்விக்கு வளர்த்த உங்கட கிடாய்க்கு என்ன பேர்?"

ராசா.
மாலை போட்டுத்தான் கூட்டிப்போனோம்.
பங்கு இறைச்சியில் எலும்பு குறைவென்று
சண்டை பிடித்தது நான்.

நண்டுக்கு நாலறிவு என்று
பள்ளியில் மனப்பாடம்.
தொடத் தெரியும், ருசி தெரியும், மணம், பார்வை.
இல்லாதது செவி.
பரீட்சைக்கு அது போதும்.
தொடத் தெரிந்ததற்குச் சுடுமா
என்று வினாத்தாளில் வரவில்லை.

வீட்டில், தொட்டியடியில்,
பரஞ்சோதி முதல் காலை முறிக்கப் பிடித்தார்.
கடற்கரையில் பிறந்த கை. வேகமான கை.
"பொறுங்கோ" என்றேன்.
"மயக்க வேணுமாம்."
"எல்லைக்கு அங்கால வாங்கினது" என்றார்.
"அந்த நாட்டுச் சட்டப்படி அவிப்பம்."
நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே
பையை ஃப்ரீசருக்குள் வைத்தேன்,
ஐஸ்கிரீமுக்கும் முருங்கையிலைப் பொட்டலத்துக்கும் நடுவே.

குளிர் மயக்குமா, வதைக்குமா, நான் அறியேன்.
வந்த முதல் மாரியில்
விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகி
பிறகு அறை சூடேற ஏற
ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தபோதுதான்
அழுதேன்.

ஒரு மணித்தியாலம்.
அவர் சிகரெட்டுக்குப் பால்கனிக்குப் போனார்.
இரண்டு அசையவில்லை.
மூன்றாவது
ஒரு காலை, ஒரே ஒரு காலை,
மிக மெல்லத் தூக்கி
எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தது.

மல்லாத்தி, வயிற்று மடலை நீக்கி,
கத்திமுனையை வைத்து
உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.
ஓடு சொன்ன ஓசை
அதற்குக் கேட்டிராது.
எனக்குக் கேட்டது.

பிறகு புளி, தேங்காய்ப்பால், தூள்,
இறக்கும்போது முருங்கையிலை.
நல்ல கறி.
பொய் சொல்ல மாட்டேன், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை
விரிப்பின் இரு முனை அவளிடம், இரு முனை என்னிடம்.
நெருங்கி, விலகி, நெருங்கி மடித்தோம்.
"மயக்கினாயா?"
"ம்."
அவள் கண் என் விரலில், பிளாஸ்டரில் நின்றது.
"கடிச்சதா?"
"இல்லை" என்றேன்.
"தின்னேக்க ஓடு கிழிச்சது."