பிரிக்ஸ் பதினாலு

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்த அரை மணியில்
ஷாஹின் என்னை உள்ளே கூப்பிட்டாள்.
"இதைப் பாருங்கண்ணா" என்று
குழாயை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.
கீழே சிவப்பு.
மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர்
தேங்காயின் முதல் பாலாக நின்றது.
ட்ரைகிளிசரைடு எழுநூற்றுப் பதினெட்டு.

ராயக்கோட்டை சாலை மாங்கூழ் ஆலையில்
எனக்கு ருசி பார்க்கும் வேலை.
கருவி சொல்லும், பிரிக்ஸ் பதினாலு.
நாக்கு அதற்குச் சாட்சிக் கையெழுத்து.
சீசன் தொண்ணூறு நாள்,
நாளுக்கு நாற்பது கரண்டி.
விழுங்கியதெல்லாம் எங்கே என்று
ஒருவரும் கணக்குக் கேட்டதில்லை,
ரத்தம் தவிர.

போன மாதம் பேரலை உருட்டும்போது
நெஞ்சில் ஒரு பிடிப்பு.
நின்றேன். போய்விட்டது.

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில்
"நாளைக்கே ஆஞ்சியோ. அநேகமா ஸ்டென்ட்.
ரெண்டே முக்கால் லட்சம்."
மச்சான் லூயிஸ் அங்கேயே அட்வான்ஸ் எண்ணினான்.
நான் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன்:
கிலோ எட்டு ரூபாய்க்கு
முப்பத்து நாலு டன் கிளிமூக்கு.
பேனா ஸ்பிரிங் அளவு கம்பிக்கு
ஐந்து லாரி மாங்காய்.

சகாயராணி ஒன்றும் பேசவில்லை.
ஃபைலைக் கட்டைப்பையில் போட்டாள்,
தர்மபுரி பஸ்ஸில் ஏறினாள்.
பையோடு நானும்.

பெரியாஸ்பத்திரியில்
எங்களுக்கு முன்னால் அறுபத்தொரு நெஞ்சுகள்.
டாக்டர் கெஜலட்சுமி டிரெட்மில்லில்
ஒன்பது நிமிடம் ஓடவிட்டார்.
எக்கோ. ஒரு வாரம் கழித்து ஸ்கேன்.
"ஒரே இடம், நாற்பது சதம்.
கம்பி வைக்க இது போதாது.
சும்மா விடவும் முடியாது."
பிறகு அந்த எழுநூறில் விரல் வைத்து,
"இதுக்கு இதயத்துக்கு முன்னாடி
கணையம் வீங்கிடும்."
எனக்குள் கணையம் என்று ஒன்று இருப்பதே
அன்றுதான் தெரியும்.

ரெண்டு மாத்திரை. சாராயக் கடைப் பக்கம் தலை வைக்காதே.
அணைக்கட்டு வறுத்த மீன் கூடாது, குழம்பு மீன் சரி.
களி?
"சாப்பிடுங்க. ஒரு உருண்டை."
மாம்பழம்?
அவர் சீட்டில் தொழில் என்ற கட்டத்தைப் படித்தார்.
ரொம்ப நேரம் படித்தார்.

வாசல் வரை வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்:
"சும்மா உக்காந்திருக்கும்போது வலிச்சா
தேதி பார்க்காதீங்க, வண்டி பிடிங்க."

லூயிஸ் இன்னும் முகம் கொடுப்பதில்லை.
பணம் கட்டினால் பயம் தீர்ந்திருக்கும் அவனுக்கு.
கட்டாத நான்
தினமும் ரயில்வே ஸ்டேஷன் இல்லாத ஊரில்
ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன்.

என் மேசையில் இப்போது ஒரு எவர்சில்வர் சொம்பு.
நாற்பது கரண்டி, நாற்பது துப்பல்.
புதுப் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள்.
நேற்று ஒரு பேரலுக்குப் பதிமூன்றரை என்றேன்.
கருவியும் பதிமூன்றரை என்றது.

பன்னிரண்டாவது வாரம்
ஷாஹின் குழாயைப் பிடித்தாள்.
இருநூற்று முப்பது.
நீரின் வழியே
சையது பாஷா மலை மங்கலாகத் தெரிந்தது.
கோட்டைச் சுவர்தான் பிடிபடவில்லை.
"இன்னும் கொஞ்சம் தெளியணும்ணா" என்றாள்.