பதினேழாம் பக்கம்

ஆனையூரில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை.
இரவு ஒன்பதுக்கு மேல் கணினி எனக்கு.
காதணி விழாக் குழந்தைக்குக் கிரீடம் வைத்து,
தாய்மாமன் பதினொரு பேர் மீசையையும் ஒரே அளவாக்கி
சேவ் செய்த பிறகு
மாங்கா வரைகிறேன், வலமிருந்து இடமாக.
முதலாளி மிளகாய்ப்பொடி எங்கே என்பார்.
படிப்பவள் ரிஸ்வானா ஒருத்திதான்.

கதையில் மாறவேல் என்றொருவன்.
ஒரே குத்தைப் பத்தாயிரம் தடவை குத்தியவன்.
தோளிலிருந்து முட்டிவரை அவனை
அளவுகோல் வைத்தே போட்டுவிடலாம்.
எதிரே கரட்டான்.
கல்குவாரியில் வளர்ந்தவன். சண்டை தெரியாது,
சாகவும் தெரியாது, அவ்வளவுதான்.
பதினாறு பக்கம் முடிந்தது.
பதினேழில் கரட்டானின் கை வர வேண்டும்.
வரவில்லை.

எப்படிப் போட்டாலும் விரல்கள் வரிசையாக மடங்குகின்றன,
கட்டைவிரல் வெளியே, மணிக்கட்டு நேராக.
விளாங்குடி டியூஷன் சென்டர் மொட்டைமாடியில்
ஆறு வருடம் வியர்த்த
பிரவுன் பெல்ட்டுக்காரியின் கை.
"உன் மிருகம் ஹோம்வொர்க் முடிச்சிட்டு வந்திருக்குடி"
என்றாள் ரிஸ்வானா.
பூனையைப் பார்த்து வரைந்தேன்.
அவனியாபுரத்தில் வாடி திறக்கும் நொடியை
நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு
காளையின் கழுத்தை வரைந்தேன்.
மூன்றாம் நாள்தான் உறைத்தது,
அதையும் மண்மேட்டில் குத்தவிட்டு, கண்மாயில் நீந்தவிட்டு
பழக்கித்தான் கொண்டுவருகிறார்கள்.

இதெல்லாம் போன வியாழன் வரை.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
கடைசி ஷட்டரும் இறங்கிய நேரம்
ஒருவன் என் பையைப் பிடித்து இழுத்தான்.
பைக்குள் டேப்லெட். டேப்லெட்டுக்குள் பதினாறு பக்கம்.

எனக்கு நினைவிருப்பதும் வலமிருந்து இடமாகத்தான்.
முதலில் வாயில் உப்பு.
அதற்கு முன் "விட்ரு தாயி, விட்ரு" என்று அவன் குரல்.
அதற்கும் முன், என் பற்களுக்கு நடுவில் ஒரு மணிக்கட்டு,
சாயம் போன சாமிக்கயிறோடு.
அதற்கும் முன்னால் ஒன்றுமில்லை.
வெள்ளைக் கட்டம்.

நான்கு கட்டா தெரியும். மாவட்டத்தில் வெண்கலம்.
கடித்திருக்கிறேன்.

ரிஸ்வானா சிரித்து முடித்து
ஊசி போட்டுக்கோ என்றாள்.
அவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கட்டத்தில் சத்தம் எழுத வேண்டுமே.
உதைக்குச் சடார், கன்னத்துக்குப் பளார்,
மடேர், விருட், சரேல், பொத்.
அடிக்குத் தமிழில் பஞ்சமே இல்லை.
கடிக்கு?
கறுக்கை முறுக்கு எடுத்துக்கொண்டது,
நறுக்கை நகவெட்டி.
லபக் என்று எழுதினால் பஜ்ஜி ஞாபகம் வருகிறது.
காலியாகவே விட்டேன்.

வெள்ளிக்கிழமை குளிக்கும்போது எரிந்தது.
செருப்பு அறுந்த காலில், குதிகாலடியில்,
அரைவட்டமாகத் தோல் உரிந்திருந்தது.
தெரிந்த அரைவட்டம்தான்.
மாடியின் சுடுசிமெண்டில் தினமும் நூறு தடவை
இழுப்பவன் பக்கமே திரும்பி
அவன் எடையை அவனுக்கே எதிராக்கும் சுழற்சி.
நான் சொல்லாமல் அது திரும்பியிருக்கிறது.
அவன் தடுமாறிக் கையை நீட்டியிருக்கிறான்.
நீட்டிய கை வாய்க்கு எதிரே வந்திருக்கிறது.
கால் படித்தது. பல் பள்ளிக்கூடம் பக்கமே போகாதது.
இடுப்புக்கும் தாடைக்கும் நடுவில் எங்கே
ஒன்றிடமிருந்து மற்றது என்னை வாங்கிக்கொண்டது என்று
கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.
தெரிந்தே திரும்பினால் பல் வரவில்லை.

பதினேழாம் பக்கத்தில் இப்போது
கரட்டானின் கை இல்லை. அவன் குதிகால் மட்டும்,
சுத்தமான அரைவட்டம், யார் கற்றுக்கொடுத்தது என்று
அவனுக்கே விளங்காமல்.
எதிர்க் கட்டத்தில் மாறவேல்
வாயைத் திறக்கிறான்.
"யாருடி ஜெயிப்பா?" என்கிறாள் ரிஸ்வானா.
பதினெட்டு இன்னும் வரையவில்லை.

காலையில் காதணி விழாக்காரர் வந்தார்.
ஆறாவது மாமனின் மீசை
இன்னும் கொஞ்சம் காட்டுத்தனமாக வேண்டுமாம்.
முறுக்கிவிட்டேன்,
அளவுகோல் வைத்து.