எலி வளை

பள்ளிவாசல் சுவரில் ஒட்டிய தாளில்
வாய்க்கால் முழுக்கப் பங்கு பிரிந்து கிடக்கிறது.
புதன் இரவு இரண்டு பத்திலிருந்து
மூன்று நாற்பது வரை தண்ணீர் என்னுடையது.
முன்னால் ஹம்முவுடையது, பின்னால் துடாவுடையது.
நடுவில் ஒரு நிமிடம்கூட
ஊருக்கென்று எழுதப்படவில்லை.

இந்த வருடம் அட்லஸில் பனி விழவில்லை.
அடிப்பிடித்துக் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கிறது சிகரம்.
எனக்குப் பதினோரு ஆப்பிள் கன்றுகள், கடனில் வாங்கியவை.
காசாபிளாங்காவில் சிமெண்டு சுமக்கும் என் புருஷன்
போனில் முதலில் அவற்றைத்தான் விசாரிப்பான்.
என்னை, காசு தீர்வதற்குள் நேரமிருந்தால்.

மார்ச்சில் பாஸு தன் வெள்ளிக்கிழமை முறையை விற்றான்.
மகள் யம்னாவுக்கு மராகேஷில் டயாலிசிஸ்.
பஸ் கூலியே ஆளைத் தின்கிறது.
ஊரே அறியும், நானும் அறிவேன்.
அறிந்துகொண்டேதான்
முந்நூறு திர்ஹம் குறைத்துக் கேட்டேன்.
தலையை ஆட்டினான்.
தேவைப்பட்டவன் தலை
எவ்வளவு சுலபமாக ஆடிவிடுகிறது!

ஏமாற்று எதுவும் இல்லை. இமாம் சாட்சி.
தாளில் அவன் பெயரை அடித்து என் பெயர் எழுதினார்கள்.

அந்த வெள்ளியே அணை போட்டேன்.
கல், கல்லின் மேல் களிமண்,
களிமண்ணின் மேல் புருஷனின் பழைய கால்சட்டை,
அதன்மேல் என் கால்.
ஒரு சொட்டுத் தாண்டக் கூடாது.
கீழே அவனுடைய வாதுமைகள்
இலை சுருட்டி நின்றன, நிலா வெளிச்சத்தில்.
பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்று வாரம் கழித்து வாசலில் பாஸு.
துணியில் முடிந்த ஆறு முட்டை.
“இத்தோ, ராத்திரியில் நீ எனக்கு விடும் தண்ணீருக்கு.
மூன்று மரம் பிழைத்துவிட்டது.
யம்னாவிடம் சொன்னேன், அழுதாள்.”

நான் எந்தத் தண்ணீரை விட்டேன்?
கேட்கத்தான் வாய் திறந்தேன்.
‘அட, அதெல்லாம் எதற்கு’ என்றது நாக்கு.
முட்டையை வாங்கிக்கொண்டேன்.
இரண்டைப் பொரித்தேன். ருசியில்லை.
உப்பு போட மறந்திருப்பேன்.

அடுத்த வெள்ளி டார்ச்சோடு போனேன்.
அணைக்கு அடியில், இடது கரையில், எலி வளை.
என் கைமுட்டி நுழையும்.
அதன் வழியே என் தண்ணீர்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது,
எனக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தபடி.

களிமண்ணைப் பிசைந்தேன். உருட்டினேன்.
வளைக்கு நேரே கொண்டுபோய்
நிறுத்தினேன்.

யாருக்காக என்று கேட்காதீர்கள்.
யம்னாவுக்காக என்றால் அந்த முந்நூறு திர்ஹம் சிரிக்கும்.
முட்டைக்காக என்றால் கோழி சிரிக்கும்.
நாளைக்கு எனக்கு ஒன்றென்றால்
பாஸு ஓடிவருவான் என்ற கணக்கா?
அதுவும் இருந்தது, மறுக்கவில்லை.
அவன் என்னை நம்பிவிட்டான்,
அதைப் பொய்யாக்கக் கூச்சமாக இருந்தது.
பெரும்பங்கு அதுதான் என்று படுகிறது,
காலையில் வேறு மாதிரிப் படும்.
எலிக்கு இந்தத் தொல்லை இல்லை.
இருக்க இடம் வேண்டும், தோண்டியது.

கை மரத்துப்போனது.
மண் உருண்டை விரலிடுக்கில் வெடித்து உதிர்ந்தது.
அலாரம் அடிக்கும்வரை அங்கேயே குந்தியிருந்தேன்,
தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு,
கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு.

பதினோராவது கன்று மேட்டில் இருக்கிறது.
பத்தாவதின் வேரோடு தண்ணீர் நின்றுவிடுகிறது.
வளையை அடைத்தால் எட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.
“பதினொன்றும் எப்படி இருக்கு?”
“நல்லா இருக்கு” என்றேன்.

முந்நூறு திர்ஹம் தகர டப்பாவில்,
பார்லி மாவுக்கு அடியில் இருக்கிறது.
கொடுத்துவிடலாம்தான்.
யம்னாவின் பஸ்
செவ்வாய் விடியற்காலை ஐந்து மணிக்கு.