உட்பக்கத் தாழ்ப்பாள்

குட்டாயிசி நகரில் அந்த வீட்டுக்கு
ஒன்பது பேர், ஒரே சமையலறை,
என்னிடம் ஒரு பென்சில்.

பெரியவர் குராம் தனியாகக் கூப்பிட்டார்:
குளியலறையில் பிடிமானம் வேண்டும்,
பார்த்தால் துண்டு போடும் கம்பி மாதிரி இருக்கட்டும்.
மூத்தவன் மேசையை நீட்டச் சொன்னான்
இருபது பேருக்கு. மறுநாள், இருபத்துநாலு.
போலந்தில் லாரி ஓட்டும் இளையவன் போனில்:
எனக்கொரு மடக்குக் கட்டில் போதும்.
மடக்கி வைத்துவிடாதீர்கள்.

மருமகள் கதூனா எதுவும் கேட்கவில்லை.
தேநீர்க் கோப்பையை வரைபடத்தின் மேல் வைத்தாள்,
சரியாகச் சரக்கறை மீது.
இதற்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா?

ஜாடிகளுக்கு எதற்கு, என்றது வீடு.
எலி, என்றேன், வேறொன்றும் தோன்றாமல்.

மூன்றடிக்கு நாலடி. ஒரு முக்காலி.
ஊறுகாய்களுக்கு நடுவே ஒரு விளக்கு,
மதிப்பீட்டில் எழுதாதது.

மார்ச்சில் கீல் பார்க்கப் போனேன்.
சரக்கறை உள்ளே தாழிட்டிருந்தது.
கதூனாவோ அடுப்படியில், முழங்கைவரை மாவு.
அப்படியானால் உள்ளே?

எலி, என்றாள் சிரிக்காமல்.
இப்போது மாமனார். அடுத்து என் வீட்டுக்காரர்.
நான் நாலரைக்கு.

கதவுக்குப் பின்னால்
வால்நட் ஓடு ஒன்று நொறுங்கியது, அவசரமில்லாமல்.
எண்ணெய்க் குப்பியோடு
நானும் வரிசையில் நின்றேன்.