பின் கியர்

ஏலத்தில் எடுத்த கெப்.
காபிறேற்றருக்குள் குளவிக்கூடு.
சீற்றுக்கடியில் வெள்ளம் கொண்டுவந்த நெல்
முளைத்துக் காய்ந்திருந்தது.

"இதுக்குப் போடுற காசுக்கு
ரெண்டு மாடு வாங்கலாம் கா"
என்றான் ஓட்டமாவடி ஹயாத்து,
சொல்லிக்கொண்டே மல்லாந்து
உள்ளே போனான்.

மூன்று மாதம்.
கிளச் தட்டு கல்முனையில்,
டைனமோ ஒரு செத்த லொறியில்,
பற்றரி
என் காப்பில்.

நேற்று அந்தியில் இருமியது.
மறுகா இருமியது.
பிடித்துக்கொண்டது.
முன் கியர் ஒன்றும் விழவில்லை,
பின் கியர் மட்டும்.

கிறுகிப் பார்த்தபடி, கழுத்து நோக,
பாலம் வரை
பின்னாலேயே ஓட்டிப் போனேன்.
எருமைகள் வழிவிட்டன,
கொஞ்சம் யோசித்து.

பொனற்றைப் பிடித்தபடி
ஹயாத்து ஓடி வந்தான்,
சிரிப்பை அடக்க ஏலாமல்,
மற்றக் கையில்
இன்னும் இறுக்காத இரண்டு நட்டு.