உச்சி எங்கை?

ஸ்ரான்லி வீதியில் படம் அச்சடிக்கும் ரெஜினோல்ட்
என் மலையைத் திரையில் பெருப்பித்துப் பார்த்துவிட்டு
"வடிவுதான். ஆனா உச்சி எங்கை?" என்கிறார்.

நான் அதன்மேல் நின்றேன், அண்ணை.
நிற்கிறவருக்கு உச்சி தெரிவதில்லை,
தன் பிடரி தனக்குத் தெரியாத மாதிரி.

படத்தில் இருப்பது நிழல்.
லொம்பொக் தீவில், விடிந்து ஆறு நிமிடத்தில்,
ரிஞ்சானி தன் நிழலைக் கடலுக்கு மேலே
முக்கோணமாய் விரித்தது.
அதன் நுனியில் எங்கோ நானும் இருக்கிறேன்,
ஒரு புள்ளிக்கும் குறைவாக.

"வெள்ளை கூடிப்போச்சு," வெளிச்சத்தைக் குறைக்கிறார்.
"வேணுமெண்டா உச்சி ஒண்டு வைச்சுத் தாறன்.
கிழமைக்கு ஏழு சோடியைச் சுவிசுக்கு அனுப்புறன் நான்,
இந்தக் கதிரையை விட்டு எழும்பாமல்."

வேண்டாம்.

அந்த ஏற்றத்துக்கு நான் பழகியது
ஏற்றமே இல்லாத ஊரில்.
ஆய்வுகூடத்தில் இரவு வேலை முடிய
ஆஸ்பத்திரியின் நாலு மாடிப் படியை இருபது தரம்,
முதுகில் பத்துக் கிலோ குத்தரிசியோடு.
இரண்டாம் கிழமை காவலாளி இரக்கமாய்க் கேட்டார்:
"தங்கச்சி, மேலை ஆருக்கும் கடுமையோ?"

சோளகம் பிறந்ததும் பண்ணைப் பாலத்தில் சைக்கிள்.
இங்கே நிலம் சாய்வதில்லை, காற்றுத்தான் சாய்கிறது.
கியரைக் குறைத்து, தலையைக் குனிந்து,
மண்டைதீவுச் சந்தி வரை
எதிர்க்காற்றில் ஏறினேன்.

காற்று படிப்பித்தது கால்வாசி.
மிச்சம் எரிமலைச் சாம்பல்:
இரண்டடி வைத்தால் ஒன்றரை அடியைத்
திருப்பி வாங்கிக்கொள்ளும் வட்டிக்காரச் சரிவு.
சுமை தூக்க வந்த சஹ்ருன், ரப்பர்ச் செருப்போடு,
என் தண்ணீரும் கூடாரமும் மூங்கில் தடியில் ஆட,
வாயில் சிகரெட்டோடு என்னைக் கடந்து போனான்.
சப்பாத்துக்குக் கொடுத்த நாற்பதாயிரம்
அப்போதுதான் சுட்டது.

உச்சியில் அவன் கேட்டான்:
உங்கள் ஊர் மலைக்கு என்ன பேர்?
கீரிமலை என்றேன், வாய் தவறி.
எவ்வளவு உயரம்?
கையுறையைக் கழற்றினேன். திரும்பப் போட்டேன்.
கடற்கரை. ஒரு கேணி. ஆட்கள் குளிப்பார்கள்.
மலை?
பேரில் இருக்கிறது.
அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்,
"நல்ல மலை. சுமைகூலி மிச்சம்."

வந்த ஞாயிறு காங்கேசன்துறைக்குப் போனேன்,
சீமெந்துக்குக் கல் எடுத்த கிடங்குக்கு.
விளிம்பில் நின்று கமராவைக் கண்ணில் வைத்தால்
எரிமலை வாய்க்குள் கண்ட அதே பச்சைத் தண்ணீர்,
அதே செங்குத்துச் சுவர்.
புகை மட்டும் இல்லை.
எங்களுக்கும் மலை இருந்திருக்கிறது, கீழ்நோக்கி.
தோண்டி, மாவாக்கி, மதிலும் மதகும் மேல்வீடுமாய்
ஊரெல்லாம் பரப்பியிருக்கிறோம்.
பிறகு வானத்திலிருந்து விழுந்தவை
பாதியை மறுபடி கல்லாக்கின.

ஆட்டுத்தடம் ஒன்றால் இறங்கினேன்,
பக்கவாட்டில், குதியை ஊன்றி, சஹ்ருன் காட்டியபடி.
அடியில் நின்று சும்மா ஓ என்றேன்.
சுவர் ஓ என்றது.
முப்பத்தாறு வயதில், இந்தத் தட்டை நிலத்தில்,
எனக்குத் திரும்பி வந்த முதல் சத்தம்.

மணிக்கூட்டில் உயரம் பார்த்தேன்:
கழித்தல் பதினொன்று.

சத்தத்துக்கு மேலே ஓர் ஆடு எட்டிப் பார்த்தது,
வாயில் பாதி இலையோடு.
அதற்குப் பின்னால் வானம் மட்டும்.
முழங்காலில் இருந்து, மூச்சைப் பிடித்து எடுத்தேன்.

ரெஜினோல்ட் அண்ணை,
அடுத்த படத்தைத் தட்டுங்கோ.
அதிலை உச்சி இருக்கு.